மேல் வீட்டு கார்ட்லெஸ்

கஸ்தூரிரங்கன் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். டயல் டோன் கணீரென்று கேட்டது. அதுதான் அவருக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. போன் செத்துப் போயிருந்தால் மனசாவது ஆறியிருக்கும். உயிரோடு இருந்துகொண்டே அடிக்கமாட்டேன் என்கிறதே!

“என்ன, லைன் இருக்கா?” என்றாள் கோமளம். ஹால் சோபாவில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள்.

“லைன் இருக்கு. மனுஷாளைத்தான் காணும்.”

வாசலில், மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. முதல் மாடியிலிருந்து இரண்டாவது மாடிக்கு ஏறும் சத்தம். தொடர்ந்து கிளிஃபர்டின் குரல்.

“பங்கஜம் ஆன்ட்டி! உங்களுக்கு போன்!”

கஸ்தூரிரங்கன் ரிசீவரைப் படீரென்று வைத்தார்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் அந்த ஃப்ளாட்ஸ் கட்டடத்துக்கு முதன்முதலில் டெலிபோன் வந்தது தரைத்தளத்தில் இருந்த அவர் வீட்டுக்குத்தான். மற்றவர்கள் எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். காத்திருந்த நேரத்தில் எல்லோரும் அவருடைய நம்பரையே தங்கள் நம்பராகக் கொடுத்து, பக்கத்தில் ‘பி.பி.’ என்று போட்டுக்கொண்டார்கள். விசிட்டிங் கார்டு, ஜாதகம், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றிலும் அவர் நம்பர். யாருக்காவது போன் வந்தால் அவர் படிக்கட்டு அடியில் நின்று குரல் கொடுப்பார். அவர்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு இறங்கி வருவார்கள். ஹால் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவார்கள். அவர் பேப்பரை முகத்துக்கு நேரே பிரித்து வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்பார். பேசி முடித்ததும் அபிப்பிராயமும் சொல்வார். கோமளம் காபி கொண்டு வருவாள்.

அரசாங்க ஆபீஸில் சூப்பரிண்டெண்டெண்டாக இருந்தவர். அவர் மேஜைக்கு முன்னால் எப்போதும் நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். ரிடையர் ஆன மறுநாள் எதிரே காலண்டர் மட்டும்தான் இருந்தது. அப்புறம் அவரை ஒரு முக்கியஸ்தராக வைத்திருந்தது இந்தப் பி.பி. போன்தான்.

அதில்தான் கிளிஃபர்ட் மண்ணைப் போட்டான். முதல் மாடியில் குடியிருக்கும் பள்ளிக்கூட வாத்தியார். அவனுக்கும் டெலிபோன் வந்தது. வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் கூடவே ஒரு கார்ட்லெஸ் வந்துவிட்டது! வயர் கிடையாது. ஆண்டெனாவை இழுத்துவிட்டுக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். யாரும் படியிறங்க வேண்டாம், போனே படியேறி அவரவர் வாசலுக்கு வந்தது. சீக்கிரத்திலேயே கட்டடம் மொத்தமும் கட்சி மாறிவிட்டது.

மூன்றாவது மாடி சாய்சரணைத்தான் அவரால் மன்னிக்கவே முடியவில்லை. கம்பெனி கொடுத்த செல்போனை இடுப்பில் சொருகிக்கொண்டு திரிகிறவன். வீட்டுக்குள் அதற்குச் சிக்னல் கிடைக்காது. மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க் மேல் ஏறி நின்றால்தான் பேச்சு வரும். “செல்போன்காரனே நம்மாத்து போனை நம்பித்தான் இருக்கான்” என்று மயிலாப்பூர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டிருந்தார். அவனும் இப்போது கிளிஃபர்டின் நம்பரைத்தான் கொடுக்கிறான்.

இதற்குப் பொறாமை என்று பெயர் வைக்க அவர் சம்மதிக்கமாட்டார். பொதுஜன சௌகரியம் பற்றிய கவலை என்பார். ஆனால் மாடிப்படியில் அந்த ஆண்டெனா பளபளத்துக்கொண்டு போகும்போதெல்லாம் அவருக்குச் சாப்பிட்டது ஜீரணமாகவில்லை. பொறாமைதான், வேறென்ன!

“ஏன்டி, உனக்கு வருத்தமே இல்லையா?”

“இருக்கே. அந்தக் கிளிஃபர்ட் பாவம். உக்காந்து சாப்பிட முடியல்ல அவனால.”

“நம்மாத்துப் பக்கம் ஒரு காக்கா எட்டிப் பார்க்கறதில்ல.”

“காக்கா வரதே. தினம் சாதம் வெக்கறேனே” என்று கோமளம் பக்கத்தைத் திருப்பினாள்.

அன்று மாலை கிளிஃபர்டைப் படியிலேயே மடக்கினார். கோமளம் வாசலில் கோலமாவு டப்பாவோடு நின்றுகொண்டிருந்தாள்.

“பெரிய ஆளாயிட்டேள். கார்ட்லெஸ்ஸெல்லாம் வாங்கிட்டேள்.”

“ஐயோ, நானா ஆசைப்பட்டு வாங்கல அங்கிள்” என்ற கிளிஃபர்ட் அவர் தோளுக்கு மேலாகக் கோமளத்தைப் பார்த்தான். பிறகு இரண்டு முறை இருமிவிட்டு, “டியூஷன் பசங்க வந்துருவாங்க” என்று ஓடிவிட்டான்.

“பாரு அலட்டலை! அவனா வாங்கலையாம். துபாய்லேர்ந்து யாரோ தூக்கிக் குடுத்திருக்கான்.”

“இருக்கும், இருக்கும்” என்று கோமளம் குனிந்து கோலம் போட ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை அவர் சட்டையை மாட்டிக்கொண்டார்.

“கிளம்பு. ரிச்சி தெருவுக்குப் போறோம். அவனோடதைவிட உசத்தியா ஒண்ணு வாங்கறோம்.”

கோமளத்தின் கையிலிருந்த கரண்டி நழுவியது. “ரிச்சி தெருவுக்கா? பர்மா பஜார் போங்கோளேன். அங்கே நன்னாயிருக்குமாம்.”

“ரிச்சி தெருதான். கியாரண்டி குடுப்பான்.”

“அப்ப நீங்க மட்டும் போங்கோ. எனக்கு முட்டி வலி.”

முந்தின நாள்தான் திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதியைச் சேவித்துவிட்டு, நாலு வீதியும் சுற்றிவிட்டு வந்த முட்டி. அவர் அதையெல்லாம் யோசிக்கும் நிலையில் இல்லை.

கடைக்காரர் மெஹபூப் அலிக்கு வாய் ஓயாது.

“வூட்டுக்கா சார், ஆபீஸுக்கா?”

“பொது சேவைக்கு.”

“அப்டி ஒரு மாடலு கம்பெனில போடலியே நைனா. எத்தினி ரூம்பு, அத்த சொல்லு.”

“ரூம் கணக்கில்ல. மூணு மாடி ஏறணும். எங்க மேல் வீட்டுல ஒருத்தன் வெச்சிண்டிருக்கான், அவனோடதைவிட ஒரு மாடியாவது ஜாஸ்தி போகணும்.”

“மாடி மேட்டர் இல்ல சார். நடுவுல சொவுரு எத்தினி கீது, அதான் மேட்டர். சொவுரு சிக்னல துன்னுடும்.”

கஸ்தூரிரங்கனுக்குச் சுவர் விஷயம் காதில் ஏறவில்லை. இருப்பதிலேயே நீளமான ஆண்டெனா எதில் இருக்கிறது என்று பார்த்து, அதை எடுத்துக்கொண்டு வந்தார்.

வந்த பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. ஊர்வலமாக எடுத்துப் போக போன் இருக்கிறது, போன் பண்ணத்தான் ஆள் இல்லை. சாய்சரணை வழிமறித்துக் கெஞ்சாத குறையாகக் கேட்டு, அவன் மேனேஜரிடம் தன் நம்பரைக் கொடுக்கவைத்தார். மறுநாள் மணி அடித்தது. கஸ்தூரிரங்கன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்தார்.

முதல் மாடி வரை மேனேஜர் தெளிவாக இருந்தார். இரண்டாவது மாடியில் கரகரத்தார். மூன்றாவது மாடியில் சாய்சரண் வாங்கி, “சார், சொல்லுங்க சார்” என்றபோது மிக்ஸியில் உளுந்து அரைப்பதுபோல் ஒரு சத்தம் மட்டும் வந்தது.

“சார்? ஹலோ? ஹலோ! யோவ், யாருய்யா அது?” என்று சாய்சரண் கத்தினான். அந்த ‘யோவ்’ மட்டும் எப்படியோ தெளிவாக மேனேஜருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்று சாயங்காலம் வந்து சாய்சரண் சொன்னான்: “மாமா, தயவுசெஞ்சு என்னை விட்டுடுங்க. நான் டேங்க் மேலயே நின்னுக்கறேன்.”

கஸ்தூரிரங்கன் நேரே மெஹபூப் அலியிடம் போனார். “பேஸ ஒசரமா வெய்யி சார்” என்று யோசனை வந்தது. பேஸ் என்பது டெலிபோன் வயரில் செருகும் பெட்டி. அதைப் பெருமாள் அலமாரி மேல் வைத்தார். கோமளம் போட்ட சத்தத்தில் இறக்கினார். பரணில் வைத்துப் பார்த்தார். கடைசியில் டெலிபோன் வயரை நீளமாக இழுத்து, ஹாலைக் குறுக்கே கடந்து, சமையல் நடக்கும் தளிகை உள் ஜன்னல் வழியாக வெளியே சன்ஷேடில் பெட்டியை உட்காரவைத்து, மழைக்கு ஒரு குடையும் விரித்து வைத்தார். வயர் சரியாகக் கழுத்து உயரத்தில் போனது. கோமளம் சாம்பார் பாத்திரத்தோடு குனிந்து குனிந்து போகவேண்டி வந்தது. வேலைக்காரி அதில் ஈரத் துண்டைக் காயப்போட்டாள்.

“வெறும் ஒசரம் போறாதுன்னா. சேனல் ஒத்துப்போச்சுன்னா பக்கத்தாத்துப் பேச்செல்லாம் கலந்துடும்” என்றாள் கோமளம், வயருக்கு அடியிலிருந்து.

“உனக்கெப்படித் தெரியும் இதெல்லாம்?”

“எங்கேயோ... படிச்சேன்.”

அவள் சொன்னபடியேதான் நடந்தது. அன்று மத்தியானம் அவர் போனை எடுத்து ‘டாக்’ பொத்தானை அமுக்கியபோது டயல் டோன் வரவில்லை. பங்கஜத்தின் குரல் வந்தது.

“பொண்ணு நன்னாப் பாடுவா மாமி. தளிகையும் தெரியும்.”

மாடியில் கிளிஃபர்டின் கார்ட்லெஸ்ஸில் பங்கஜம் பேசிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு பையனுடைய அம்மா. பங்கஜம் புருஷனை இழந்தவள். ஒரே பெண் மஹதிக்கு ரொம்ப நாளாக வரன் தேடிக்கொண்டிருக்கிறாள். இத்தனை நாள் அந்தத் தேடல் முழுக்கக் கஸ்தூரிரங்கனின் ஹால் நாற்காலியில்தான் நடந்தது. எத்தனை ஜாதகத்துக்கு அபிப்பிராயம் சொல்லியிருக்கிறார்! இந்த வரன் வந்தது மட்டும் அவருக்குத் தெரியாது.

ஒட்டுக் கேட்பது தப்பு என்று அவருக்குத் தெரியும். தானாகக் காதில் விழுந்தால் தப்பில்லை என்றும் தெரியும். ஆகவே காதை நன்றாக அழுத்திக்கொண்டு கேட்டார்.

“சரி, நாள் பார்த்துட்டு இதே நம்பருக்குக் கூப்பிடறேன்” என்றாள் பையனின் அம்மா.

இதே நம்பருக்கா! கஸ்தூரிரங்கனால் தாங்க முடியவில்லை.

“ஹலோ! அந்த நம்பர் வேண்டாம். என் நம்பரை எழுதிக்கோங்கோ!”

மறுமுனை திடுக்கிட்டது. “யாரது? ஆம்பளைக் குரலா இருக்கே?”

“நான்தான். பங்கஜத்தோட விஷயமெல்லாம் எனக்கு அத்துப்படி. எப்ப வேணா கூப்பிடுங்கோ, அவளை நான் வரவழைச்சுக் குடுக்கறேன். எனக்கு ஒரு சிரமமும் இல்ல.”

“பொண்ணுக்குத் தோப்பனார் காலமாயிட்டார்னேளே?” என்றாள் அந்த அம்மாள் நிதானமாக. “அப்ப இது யாரு?”

பங்கஜம் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற கிளிஃபர்ட், நல்லது செய்வதாக நினைத்து, போனைப் பிடுங்கினான்.

“மேடம், தப்பா நினைக்காதீங்க. அவர் கீழ் வீட்டு அங்கிள். நான் முதல் மாடி. ஆன்ட்டியைத் தினமும் நான்தான் பார்த்துக்கறேன்.”

“இது வேறயா?” என்றாள் அந்த அம்மாள். லைன் கட்டானது.

சற்று நேரத்தில் பங்கஜம் அழுதுகொண்டே கீழே வந்தாள். வந்து அந்த ஹால் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த நாற்காலியில் ஒரு ஆள்! கஸ்தூரிரங்கனுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதற்காக உடனே வெட்கமும் பட்டார்.

“மாமா, என் பொண்ணு வாழ்க்கையில ஏன் மாமா குறுக்க வந்தேள்?”

“அழாதே. நானே பேசிச் சரி பண்றேன்” என்று நம்பரை வாங்கிச் சுற்றினார். “மாமி, நான் கௌரவமான குடும்பஸ்தன். பங்கஜம் என்கிட்டத்தான் இப்ப உக்காந்து அழுதுண்டிருக்கா...”

லைன் மறுபடியும் கட்டானது.

கோமளம் வயருக்கு அடியில் குனிந்து வந்தாள். அவர் கையிலிருந்த கார்ட்லெஸ்ஸை வாங்கி ஓரமாக வைத்தாள். வயரைப் பிடுங்கிப் பழைய கறுப்பு போனில் செருகினாள். பிறகு எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். திரும்பி வந்தபோது பெண் பார்க்க நாள் குறித்தாகியிருந்தது.

“என்ன மாமி சொன்னேள்?” என்றாள் பங்கஜம் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“ஒண்ணுமில்ல. எங்காத்துக்காரர் ரிடையர் ஆயிட்டார்னேன். அவாளுக்கு உடனே புரிஞ்சுடுத்து. அவா ஆத்துலயும் ஒருத்தர் இருக்காராம்.”

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு கார்ட்லெஸ்ஸைத் தலையைச் சுற்றி எறிந்திருப்பார்கள். கஸ்தூரிரங்கன் அப்படிப்பட்டவர் இல்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போதே மேலே செருப்புச் சத்தம் கேட்டது. அவர் மோர்ச் சாதத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

“போறுமே” என்றாள் கோமளம். அவள் குரல் வழக்கத்துக்கு மாறாகத் தணிந்திருந்தது. “அவன் எடுத்துண்டு போனா போகட்டுமே. நமக்கு என்ன குறைஞ்சுபோச்சு?”

“என்ன குறைஞ்சுதா? காலம்பற எழுந்தா எனக்காக ஒருத்தர் வந்து நிக்கணும்டி. எதுக்காவது, யாராவது. உனக்குப் புரியாது.”

கோமளம் அவர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த முறை மெஹபூப் அலி கையெடுத்துக் கும்பிட்டார். “சார், நீ அஞ்சாறு தபா வந்துட்டே. நீ சொல்றத வெச்சிக்கினு ஒண்ணும் புரில. புதுசா ஒரு செட்டு வந்துகீது. சேனல மாத்திக்கலாம், மொட்ட மாடில தனியா ஆண்டெனா கட்டலாம். நானே உன் வூட்டுக்கு வந்து, சொவுரெல்லாம் பாத்து மாட்டிக் குடுத்துட்றேன். அப்பால நீ இந்தப் பக்கம் வரக் கூடாது.”

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் கோமளத்தின் முகம் வெளுத்துவிட்டது.

“கடைக்காரரா? நம்மாத்துக்கா? எதுக்கு? வேண்டவே வேண்டாம்!”

“ஏன் பதர்றே? சுவரைப் பார்க்க வரார்.”

“அப்ப நான் அன்னிக்கு அடையாறுல அக்கா ஆத்துக்குப் போறேன்.”

“மனுஷர் வர அன்னிக்கா? காபி யார் குடுக்கறது?”

“ஹோட்டல்லேர்ந்து வாங்கிக் குடுங்கோ” என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் அவர் கேட்டிராத வார்த்தை.

குறித்த நாளில் கோமளம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும்போதே வாசல் மணி அடித்துவிட்டது. மெஹபூப் அலி சொன்னதைவிடச் சீக்கிரமாக வந்துவிட்டார். கோமளம் வாசலைப் பார்த்தாள், வயரைப் பார்த்தாள், சட்டென்று குனிந்து தளிகை உள்ளுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

கஸ்தூரிரங்கன் கவனிக்கவில்லை. அவர் படிக்கட்டு அடியில் நின்று, பழைய காலத்துக் குரலில், கட்டடம் முழுவதையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பங்கஜமும் மஹதியும் வந்தார்கள். சாய்சரண் பயந்துகொண்டே வந்தான். கிளிஃபர்டும் வந்து ஓரமாக நின்றான்.

மெஹபூப் அலி மேலே ஆண்டெனா கட்டினார், கீழே பெட்டியை மாட்டினார், சேனலைத் திருகினார். சாய்சரணைப் புது கார்ட்லெஸ்ஸோடு மொட்டை மாடிக்கு அனுப்பி, கிளிஃபர்ட் வீட்டிலிருந்து நம்பரைச் சுற்றச் சொன்னார்கள்.

“மாமா, டேங்க் மேல நிக்கறேன்! பக்கத்துல பேசறா மாதிரி கேக்குது!” என்று சாய்சரண் கத்தினான். போன் இல்லாமலேயே கேட்டிருக்கும்.

எல்லோரும் கை தட்டினார்கள். கிளிஃபர்ட் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அங்கிள், இன்னையிலேர்ந்து எல்லாரும் உங்க நம்பரையே குடுக்கட்டும். நான் சூடா ஒரு வாய் சாப்ட்டு எவ்வளவோ நாளாச்சு.”

கஸ்தூரிரங்கனுக்குக் கண் கலங்கிவிட்டது. சாய்சரணும் போனோடு இறங்கி வந்துவிட்டான்; ஹால் நிறைந்திருந்தது. சோபாவில் மூன்று பேர், நாற்காலியில் பங்கஜம், ஜன்னல் விளிம்பில் மஹதி. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். போன ஜென்மத்துச் சொத்து திரும்பி வந்ததுபோல் இருந்தது. இனி ஒருவரையும் விடுவதில்லை என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டார்.

“கோமளம்! எல்லாருக்கும் காபி! இனிமே தினம் இப்படித்தான் கூட்டம் வரும், பாலை ஜாஸ்தியா வாங்கிடு!”

உள்ளேயிருந்து சத்தம் இல்லை.

“கோமளம்!”

“இரு சார், சமையக்கட்டுல கேக்குதான்னு நானும் ஒரு தபா பாத்துட்றேன்” என்று மெஹபூப் அலி போனைக் காதில் வைத்துக்கொண்டே போய்க் கதவைத் தள்ளினார்.

உள்ளே கோமளம் தோளில் பையோடு, முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, மசாலா டப்பாக்களைப் பார்த்தபடி நின்றிருந்தாள். மெஹபூப் அலி குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவருடைய முகம் மலர்ந்தது.

“அட, இன்னாம்மா, நீங்களா! ‘எங்க வூட்ல வந்து குந்திக்கிற கும்பல் மொத்தமும் மாடிக்குப் போயிடணும், மேல் வூட்டு வாத்தியாருக்குக் குடுக்க நல்லதா ஒரு செட்டு குடு பாய்’னு வாங்கிக்கினு போனீங்களே, கும்பல் போச்சா?”